பிறந்ததும் அழுதானா?

போன மாதம் அண்ணனை ஓ.பி.க்குக் கூட்டிப் போயிருந்தோம். வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருந்தவர் சின்ன வயதுக்காரர். பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முதல்லேர்ந்து ஒரு தடவை கேட்டுக்கிறேனே" என்றார். எத்தனை வயதில் ஆரம்பித்தது, அப்போது என்ன படித்துக்கொண்டிருந்தான், தூக்கம் எப்படி, காதில் குரல் கேட்பது இப்போதும் உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் அம்மா பக்கம் திரும்பினார். "பிறந்ததும் அழுதாராம்மா?"

அண்ணனுக்கு 47 வயது. பாதி நரைத்த தாடியோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மேஜை மேலிருந்த காகிதக் கல்லை உருட்டிக்கொண்டிருந்தான். அவன் பிறந்த நிமிடத்தைப் பற்றித்தான் பேச்சு என்பது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இல்லைங்க. அழல" என்றாள். டாக்டர் குனிந்து எழுதினார். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் அம்மா அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

26 வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஊர் மாறினாலும் ஆஸ்பத்திரி மாறினாலும் கேள்வி மாறாது. அம்மாவின் பதிலும் மாறாது. ஆனால் போன மாதம் அவள் பதில் சொன்னபோது எனக்குக் கை வேர்த்தது. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு முதலில் வந்தது 1999இல். அப்போது அவனுக்கு 21 வயது, கல்லூரி கடைசி வருடம். விவரமாகச் சொல்ல விருப்பமில்லை. இந்த வீட்டுக் கதை பல வீடுகளில் உண்டு, அவர்களுக்குத் தெரியும். மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரீனியா என்ற சொல்லை எங்களிடம் சொல்லவே டாக்டர்கள் ஒரு வருடம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் வேப்பிலை அடித்தாயிற்று, ஏர்வாடிக்கும் போய் வந்தாயிற்று. இப்போது அதற்குக் குளோசபின் என்ற மாத்திரை சாப்பிடுகிறான். வெள்ளை அணுக்கள் குறைந்துவிடாமல் இருக்கிறதா என்று தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ராத்திரி வாயில் எச்சில் ஊறி வழியும், அதனால் தலையணை மேல் ஒரு துண்டு விரித்திருக்கும். காலையில் அந்தத் துண்டை அலசிப் போடுவதுதான் அம்மாவுக்கு முதல் வேலை. மற்றபடி வீடு அமைதியாகத்தான் இருக்கிறது.

அம்மா சொல்கிற கதை இது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், அப்போது தஞ்சாவூர் ஜில்லா. 1977 நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினம் புயல் அடித்தபோது அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து நாலே நாள். கதவு பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க ஆத்தாவோடு சேர்ந்து முதுகைக் கொடுத்து நின்றதில் இரண்டு கை வளையலும் உடைந்துவிட்டது. விடிந்து பார்த்தால் கூரை இல்லை, தென்னை இல்லை. தை மாதத்தில் அண்ணன் பிறந்தான். மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நாவப்பழ நிறத்தில் வந்து விழுந்த பிள்ளை அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், காதோரம் தாம்பாளத்தைத் தட்டினாள், தண்ணீர் தெளித்தாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு முனகல்.

இந்தக் கதை ஒரே நாளில் இந்த வடிவத்துக்கு வரவில்லை. 1999இல் முதல் டாக்டர் கேட்டபோது அம்மா யோசித்துவிட்டு, "கொஞ்சம் நேரமாச்சுன்னு நினைக்கிறேங்க" என்று மட்டும்தான் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். கொடி சுற்றியது இரண்டு வருஷம் கழித்து வந்தது. தாம்பாளம் அதற்கும் பிறகு. பேசப் பேச ஞாபகம் வருகிறது போல என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மாமனுக்கு ஆகாது

மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்பார்கள். கொடியை மாலை என்று சொல்வது நம் ஆட்களின் நாசூக்கு. பரிகாரமும் உண்டு. கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, பிள்ளையின் முகம் அதில் தெரிகிற மாதிரி பிடித்து, மாமன் முதலில் எண்ணெயில் பார்த்துவிட்டு அப்புறம்தான் நேரில் பார்க்க வேண்டும். எனக்கு இதில் எப்போதும் ஒரு வியப்பு உண்டு. மூச்சு முட்டிப் பிறந்தது பிள்ளை. கவலையெல்லாம் மாமனுக்கு. அந்தப் பிள்ளைக்குப் பின்னால் என்ன ஆகும் என்று கேட்க ஒரு பழமொழி கூட இல்லை.

பிறக்கிற நேரம் ஒருவரின் வாழ்க்கையை எழுதிவிடுகிறது என்ற நம்பிக்கை மட்டும் நம்மிடம் நிறைய இருக்கிறது. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வதே சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்துவிடக் கூடாது என்றுதான். இதை மூடநம்பிக்கை என்று சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், பிறந்த மாதத்துக்கும் மனச்சிதைவுக்கும் தொடர்பிருக்கிறதா என்று ஐரோப்பாவில் வருடக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று படித்தேன். வடக்கத்திக் குளிர் நாடுகளில் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும் பிறந்தவர்களில் இந்த நோய் 5 முதல் 8 சதவீதம் கூடுதல். காய்ச்சல் காலமா, வெயில் போதாமையா, இன்னும் விவாதம் ஓயவில்லை. பூமத்திய ரேகையை ஒட்டிய சிங்கப்பூரில் பார்த்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. அண்ணன் தை மாதம் பிறந்தவன் என்று நெஞ்சு திக்கென்றது, அப்புறம் சிங்கப்பூர் கணக்கைப் படித்ததும் ஒரு மூச்சு விட்டேன். நம்ம ஊர்த் தைக்கும் டென்மார்க்கின் பிப்ரவரிக்கும் என்ன சம்பந்தம்.

இப்படித்தான் ராத்திரிகளில் படிக்க ஆரம்பித்தேன். வங்கி வேலை பார்க்கிறவனுக்கு எண்கள் பயமில்லை. எண்களில் தொலைந்துபோவதுதான் சுலபம்.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு பனிக்காலம்

என்னை அதிகம் பிடித்துக்கொண்டது ஹாலந்துப் பட்டினி. 1944 செப்டம்பரில் டச்சு ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலுக்கு, நாட்டைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மானியர்கள் மேற்கு நகரங்களுக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். கூடவே கடும் குளிர், கால்வாய்கள் உறைந்துவிட்டன. ரேஷன் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 1000 கலோரிக்குக் கீழே போய், மோசமான வாரங்களில் அதில் பாதியானது. டூலிப் கிழங்கைத் தோண்டி வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் செத்தார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் பட்டினி சட்டென்று நின்றது.

எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தேதி சொல்லக்கூடிய பட்டினிகள் உலகத்தில் குறைவு. அதுவும் பிறப்பு இறப்பையெல்லாம் ஒழுங்காகப் பதிவு செய்கிற நாட்டில். தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறி வந்த ஸீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் என்ற தம்பதி இதைக் கவனித்தார்கள். பட்டினிக் காலத்திலும் அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் பிறந்து, பின்னால் 19 வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்த சுமார் 1,25,000 இளைஞர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். புத்திக்கூர்மையில் ஒரு குறையும் தெரியவில்லை. வயிற்றில் பட்டினி கிடந்த பிள்ளை மந்தமாகத்தான் வரும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய ஆச்சரியம். 1970களின் தொடக்கத்தில் இந்த முடிவு வந்தது.

இருபது வருஷம் கழித்து அதே பட்டினியை அவர்கள் மகன் எஸ்ரா சஸ்ஸர் திரும்பத் திறந்தார். அவர் மனநல மருத்துவர். பட்டினியின் உச்சத்தில் கருத்தரித்து, 1945 கடைசி மாதங்களில் பிறந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தார். அவர்களிடம் மனச்சிதைவு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. பெற்றோர் ஒன்றுமில்லை என்று மூடிவைத்த பெட்டியை மகன் திறந்து இன்னொன்றை எடுத்த கதை என்பதால் எனக்கு இது பிடிக்கும். இரண்டு முடிவுமே சரிதான். கேட்ட கேள்வி வேறு, அவ்வளவுதான்.

இரண்டு மடங்கு என்று படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. நூறு பேரில் ஒருவருக்கு என்று பொதுவாகச் சொல்கிற நோய் இரட்டித்தால் இரண்டு பேர். மீதி 98 பேர், அந்தப் பட்டினியில் உருவானவர்கள், டூலிப் கிழங்கின் புண்ணியத்தில் பிழைத்தவர்கள், வேலைக்குப் போய்க் கல்யாணம் செய்து பேரன் பேத்தி எடுத்தார்கள். பிரசவச் சிக்கல்களும் அப்படித்தான். 2002இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிறக்கும்போது மூச்சுத்திணறல் போன்றவை நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன, ஆனால் பெரும்பாலும் இரண்டு மடங்குக்கும் குறைவாக என்றுதான் வந்தது. ஊரளவில் பார்த்தால் அது பெரிய விஷயம். பிரசவ வார்டில் ஆக்ஸிஜன் வை, கர்ப்பிணிக்குச் சோறு போடு என்று அரசாங்கத்தைக் கேட்கப் போதுமான காரணம். ஆனால் ஒரு அம்மாவைக் காட்டி, உன் பிள்ளைக்கு அதனால்தான் வந்தது என்று சொல்ல அந்த எண் போதாது. எங்கள் கிராமத்தில் அந்த வருடம் அழாமல் பிறந்த பிள்ளை இவன் ஒருவனாகவா இருந்திருப்பான்?

இதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நூத்துல ரெண்டா இருந்தா என்னடா, எனக்கு இருக்கறது ஒண்ணுதானே" என்றாள். நான் இருப்பதை மறந்துவிட்டாளா என்று வேடிக்கையாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் பதில், இல்லை. அப்பாவின் சித்தப்பா ஒருவர் 30 வயதில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தனக்குத்தானே பேசிக்கொண்டு வடக்கே நடந்து போனார், திரும்பவில்லை. அதை நாங்கள் சாமியாராகப் போனார் என்று வைத்திருக்கிறோம். ரத்த வழியில் வருவது எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகமே இல்லை. தாய் தகப்பனுக்கு, கூடப்பிறந்தவர்களுக்கு இருந்தால் வாய்ப்பு பல மடங்கு ஏறும், தூரத்து உறவென்றால் குறையும். அப்பா வழியில் ஒரு சாமியார். அம்மா வழியில் ஒரு குற்றவாளி, அது அம்மாவேதான். இந்தக் கணக்கை எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை, தானாக அமைந்தது. விஞ்ஞானமும் ஒன்றும் குறைந்ததில்லை. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு சொல்லையே உருவாக்கிவிட்டுப் போனார். தாயின் குணம்தான் காரணமாம். முப்பது வருஷம் அந்தப் பேச்சு ஓடியது. எங்கள் ஊர் மருத்துவச்சிக்கு அதைவிட ஈரம் இருந்திருக்கும்.

எண்ணெயில் பார்த்த முகம்

போன வருடம் மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அவர் மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பதால் நான் லீவு போட்டுவிட்டு நாலு நாள் அவரோடு இருந்தேன். இரண்டு மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்தால், "மெதுவாடா" என்பார். மூன்றாவது நாள் மத்தியானம் சொட்டு விட்டதும் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். "எண்ணெயில உன் மூஞ்சியப் பாத்த கண்ணுடா இது. பரவால்ல, எழுவத்திமூணு வருஷம் ஓடிருச்சு."

அண்ணன் முகத்தைத்தானே மாமா, என்றேன்.

"உங்கண்ணனா? அவன் பொறந்தப்ப நான் எங்கடா இங்க இருந்தேன்? பம்பாயில இருந்தேன். புயல் அடிச்சதே எனக்குப் பேப்பர் பாத்துதான் தெரியும். நான் வேலைய விட்டுட்டு வந்தது எண்பதுல. நீ எண்பத்தொண்ணு. நீதான் மாலையப் போட்டுக்கிட்டு வந்தவன். நாவப்பழம் கணக்கா இருந்த. ஆத்தா தாம்பாளத்தத் தட்டுது, தட்டுது, நீ கம்முனு கெடக்குற. எல்லாம் முடிஞ்சு நல்லெண்ணெய் கிண்ணத்த என் முன்னாடி நீட்டுறாங்க. பயந்துட்டேன்."

மருந்துக் குப்பியின் மூடியைப் போடக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாவப்பழம், தாம்பாளம், எல்லாம் அம்மா சொன்னதேதான், ஒரு சொல் மாறாமல். ஆள் மட்டும் மாறியிருந்தது.

அழாமல் பிறந்தவன் நான் என்றால், அந்த நூறில் இரண்டு பேர்க் கணக்கில் நின்றிருக்க வேண்டியவனும் நான்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத் தூங்குகிறேன், வீட்டுக்கடன் கட்டுகிறேன், எப்போதாவது ரத்த அழுத்தம் ஏறுகிறது. அன்றைக்கு மாமா வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் என் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அசட்டுத்தனம்தான்.

ஹாலந்து ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தபோது முதல் தடவை கண்ணில் படாத ஒன்று பட்டது. அதில் எந்த அம்மாவையும் யாரும் கேள்வி கேட்கவில்லை. பிறந்த தேதி, பிறந்த ஊர், பின்னாளில் ஆஸ்பத்திரிப் பதிவு, அவ்வளவுதான். நோய் வந்த பிள்ளையின் தாயிடம் போய்க் கேட்டால் அவள் ஞாபகத்தைச் சல்லடை போட்டுச் சலித்து ஒன்றை எடுத்துத் தருவாள், நன்றாக இருக்கிற பிள்ளையின் தாய் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள், ஆகவே தாய்மாரின் நினைவை நம்பிக் கணக்குப் போடக் கூடாது என்பது இந்தத் துறையில் பாலபாடம். படிக்கும்போது அது ஏதோ புள்ளிவிவரக்காரர்களின் கவலை என்று தாண்டிப் போயிருந்தேன். அது அம்மாவைப் பற்றிய வரி.

மாமாவின் நினைவும் நினைவுதானே, அதை மட்டும் எப்படி நம்புவது? எண்ணெய்க் கிண்ணம் எனக்கு நீட்டப்பட்டது என்பது நிச்சயம், அவர் பம்பாயில் இருந்தார் என்பதற்கு அம்மாவே சாட்சி. ஆனால் அண்ணன் பிறந்தபோது அழுதானா என்பது மாமாவுக்கும் தெரியாது. அவனும் அழாமல் இருந்திருக்கலாம். மருத்துவச்சி போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. பஞ்சாயத்துப் பதிவேட்டில் தேதியும் அப்பா பெயரும் உண்டு, அழுகை இல்லை. என் மகள் பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் சி.ஐ.ஏ.பி. என்று நான்கு எழுத்து இருந்தது. என்ன என்று நர்ஸிடம் கேட்டேன். பிறந்தவுடன் அழுதது என்று அர்த்தமாம். பக்கத்தில், பிறந்த பிள்ளையின் மூச்சையும் துடிப்பையும் நிறத்தையும் பார்த்துப் பத்துக்குப் போடுகிற ஆப்கார் மதிப்பெண், முதல் நிமிடம் 8, ஐந்தாம் நிமிடம் 9. என் மகளுக்கு நாளைக்கு எது வந்தாலும் அதைப் பிறப்பின் மேல் போட அவள் அம்மாவால் முடியாது. காகிதம் இருக்கிறது.

இதற்குப் பிறகு நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கொடி போய்விட்டது என்றதும் என் புத்தி புயலுக்குத் தாவியது. அதுதான், ஏழாம் மாதத்தில் கூரை பறந்தது, அந்த அதிர்ச்சிதான் என்று ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன். 1998இல் கனடாவின் கியூபெக்கில் பனிமழை பெய்து வாரக்கணக்கில் மின்சாரம் போனபோது கர்ப்பமாக இருந்த பெண்களின் பிள்ளைகளை சூசன் கிங் என்பவர் தொடர்ந்து கவனித்து வருகிறார். அதிகம் அவதிப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பேச்சும் புரிதலும் சற்றுப் பின்தங்கியது தெரிந்தது. அதில் மனச்சிதைவு இல்லையே என்று இன்னும் தேடினேன். 1967 ஜூன் போரின்போது ஜெருசலேமில் கருவிலிருந்தவர்களைப் பார்த்த ஆய்வு கிடைத்தது. அங்கே வாய்ப்பு கூடியது இரண்டாம் மாதக் கருவுக்கு, அதுவும் முக்கியமாகப் பெண்களுக்கு. அண்ணன் ஏழாம் மாதம், ஆண். பொருந்தவில்லை. பொருந்தவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தைக் கவனித்த பிறகுதான் தேடுவதை விட்டேன். 26 வருஷமாக அம்மா செய்துகொண்டிருந்ததை நான் ஒரே வாரத்தில், மடிக்கணினி வைத்துக்கொண்டு, செய்திருந்தேன்.

மாமா சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நீ தப்பு செய்யவில்லை என்று சொல்லலாம், அது நல்ல செய்தி. ஆனால் அவளிடம் இருக்கிற ஒரே விளக்கத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்கு என்ன கொடுப்பேன்? அதனால்தான் போன மாதம் அந்தச் சின்ன டாக்டர் கேட்டபோது கை வேர்த்தது. வாயைத் திறக்கவில்லை. மருந்துச் சீட்டு வாங்கும் சாக்கில் மட்டும் தனியாகத் திரும்பிப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நோட்டுல அம்மா சொன்னதுன்னு குறிச்சிடறேன் சார். எப்படி இருந்தாலும் மருந்து மாறப்போறதில்ல" என்றார். அப்புறம், "வீட்ல அம்மா சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேர் சீட். அண்ணன் ஜன்னலோரம், தோளில் துண்டோடு தூங்கிவிட்டான். அம்மா நடுவில். மாமா பேரை இழுக்காமல், பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்: "ஏம்மா, நான் பொறந்தப்ப அழுதேனா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கேயோ போய்விட்டு வந்த மாதிரி நெற்றியைச் சுருக்கினாள். கண்டக்டர் விசில் ஊதி, ஆட்கள் இறங்கி ஏறி, பஸ் கிளம்பி ஒரு மைல் போன பிறகுதான் பதில் வந்தது.

"உன்னப் பத்தி எந்த டாக்டருடா கேட்டாரு?"

அண்ணன் கண் விழித்து ஊர் வந்துவிட்டதா என்று கேட்டான். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் தோளிலிருந்து நழுவிய துண்டை அம்மா எடுத்து மடித்தாள்.